அக்கா கேட்ட கேள்விக்கு, அல்சாசிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

பிரான்சின் இந்த அல்சாஸ் பகுதியில், ரிபோவில்லே ஊர்த் திருவிழாவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் கேட்டாயே, "நடு ஊர்ல ஊத்துல ஒயின் ஓடுதுன்னு சந்தோஷமா படம் அனுப்புறியே, அப்பாவ மறந்துட்டியாடி?" என்று. அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. அழுதுவிடுவேனோ என்று போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நாலு நாளாக மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். புதுச்சேரியில் உன்னைப் போலவே கேட்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே போடுகிறேன்.

மறக்கவில்லை அக்கா. சம்பள நாள் சாயங்காலம் சாராயக்கடை வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் உள்ளே திரும்பி அப்பா பெயரைச் சொல்லி, "பிள்ளைங்க வந்திருக்கு" என்பார். உள்ளேயிருந்து பதில் வராது. ஈரச் சாக்கின் வாடையும் சாராய வாடையும் கலந்து வரும். அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து முதல் மூன்று வருஷம் ஒயின் பாட்டில் வைத்த மேசையில் என்னால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

அந்தப் படத்தில் இருப்பது ஃபிஃபெர்தாய். அல்சாஸ் மொழியில் குழலூதிகள் நாள் என்று அர்த்தம். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஊர் ஊராகச் சுற்றிக் குழலும் பிடிலும் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் எங்கேயும் மரியாதை கிடையாது. அல்சாஸ் முழுவதும் இருந்த அப்படிப்பட்ட இசைக்காரர்களுக்கு ரிபோவில்லேயை ஆண்ட ரிபோபியேர் பிரபுக்கள் காவலாக இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அத்தனை பேரும் இங்கே கூடித் தங்கள் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டு, மலைக்காட்டில் இருக்கும் துசென்பாக் மாதா கோயிலுக்கு ஊர்வலமாகப் போவார்கள். கூடுகிற நாள் எது தெரியுமா? செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள். நாம் காவி கட்டிக்கொண்டு அம்மாவோடு வேளாங்கண்ணிக்கு நடந்தோமே, அதே திருநாள். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாதாவுக்கென்று கூடிய இசைக்காரர்களின் நாள்தான் இன்றைக்கு வேஷம் கட்டிய ஊர்வலமாக நடக்கிறது. நகரமன்றத்துக்கு முன்னால் இருக்கும் ஊற்றில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒயின் கொடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் நாம் மோர்ப்பந்தல் வைப்பதுபோல, தன் தோட்டத்தில் விளைந்ததை ஊர் விருந்தாளிக்குக் கொடுக்கிறது. சாயங்காலம் தள்ளாடியவர்களும் இருந்தார்கள். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் இந்த ஒயினைப் புரிந்துகொண்டது திருவிழாவில் அல்ல. திராட்சைத் தோட்டத்தில்தான்.

இங்கே மேற்கே வோஜ் மலை, கிழக்கே ரைன் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்குத் தொடர்ச்சி மலை எப்படியோ அப்படித்தான் இங்கே வோஜ். மேற்கிலிருந்து வரும் மழை முழுக்க மலையிலேயே கொட்டிவிடும். கொல்மார் நகருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான், பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அந்த வறண்ட சரிவில்தான் கொடிகள். வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே தான் (Thann) என்கிற ஊர் வரைக்கும் 170 கிலோமீட்டருக்கு ஒயின் சாலை என்று 1953-ல் பெயர் வைத்தார்கள். நான் இருக்கும் செலெஸ்தாவுக்குப் பக்கத்தில்தான் அது போகிறது.

எட்டு வருஷமாக செப்டம்பரில் ஒரே குடும்பத்தின் தோட்டத்துக்கு அறுவடைக்குப் போகிறேன். முதலில் கிரெமான் என்கிற நுரைக்கும் ஒயினுக்கான பழம். அதைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது என்பது சட்டம். குலை சிதையாமல் முழுசாகப் போய்ப் பிழியப்பட வேண்டும். காலை ஏழரைக்கு வரிசையில் நிற்போம். இலையெல்லாம் பனி. கையுறை பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும், கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் பறிப்பேன். இடது கையில் குலையைத் தாங்கி, காம்பை வலது கைக் கத்தரியால் நறுக்கி, அழுகல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாளியில் போட வேண்டும். பத்து மணிக்கு வெயில் ஏறினால் குளவி வரும். விரல்கள் சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும், கத்தரி திறக்க மறுக்கும். எதிர் வரிசையில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி எனக்கு முன்னால் போய்விடுவார்.

கெவுர்ஸ்ட்ராமினர் என்கிற திராட்சை வரிசைக்கு வரும்போது எல்லோரும் கொஞ்சம் மெதுவாகிவிடுவார்கள். தோல் இளஞ்சிவப்பு. கையில் எடுத்தாலே ரோஜா வாசனை. மஸ்கட் கொடியின் பழத்தை முதன்முதலில் வாயில் போட்டபோது நான் வரிசையிலேயே நின்றுவிட்டேன் அக்கா. மார்க்கெட்டில் அம்மா வாங்கித் தரும் பன்னீர் திராட்சையின் மணம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், நம் கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை. இங்குள்ள மஸ்கட்டுக்கு உறவுக்காரி.

ஜனவரியில் கவாத்து. வெட்டிப்போட்ட குச்சிகளின் புகை சரிவெல்லாம் தெரியும். மே மாதம் வரைக்கும் உறைபனிப் பயம். ஜூனில் பூ. பூத்து நூறு நாளில் அறுவடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சில கொடிகளை மட்டும் பறிக்காமல் அக்டோபர், நவம்பர் வரைக்கும் விட்டுவிடுவார்கள், பழம் சுருங்கி இனிப்பு ஏறட்டும் என்று. மழை பெய்தால் அத்தனையும் போகும். இவ்வளவும் முடிந்துதான் ஒரு பாட்டில். அப்பா குடித்ததில் பூ கிடையாது, அறுவடை கிடையாது, காத்திருத்தல் கிடையாது. எந்த நாளும் ஒரே நாள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். இங்கேயும் குடியால் கெட்ட வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டை எனக்கே தெரியும், அந்த அம்மாவின் கண்களைப் பார்த்தால் நம் அம்மா ஞாபகம் வரும். பிரான்சில் மது விளம்பரத்துக்கு 1991-லேயே சட்டம் போட்டுக் கடிவாளம் போட வேண்டியிருந்தது. ஒயின் என்பதால் கெடுதல் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

அக்டோபரில் புது ஒயின் வரும். முழுசாகப் புளிக்காதது, கலங்கலாக இருக்கும், கள்ளு மாதிரி. பாட்டில் மூடியை இறுக்க மாட்டார்கள், இறுக்கினால் உள்ளே பொங்கும் வாயுவில் பாட்டில் வெடித்துவிடும். அதைப் புதிதாக உடைத்த அக்ரூட் பருப்போடும் பன்றிக்கொழுப்புத் துண்டோடும் வைத்துச் சாப்பிடுவார்கள். சில வாரம்தான், பிறகு கிடைக்காது. ஜூலை கடைசியில் தொடங்கிக் கொல்மாரில் நடக்கும் ஒயின் சந்தை 1948-லிருந்து இருக்கிறது, பெரிய பேர். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கச்சேரி மேடையும் கூட்டமும்தான் அதிகம்.

எதிர் வரிசைப் பாட்டியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா பிறந்தபோது இந்த மண் ஜெர்மனி. 1871-ல் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது, 1918-ல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940-ல் ஹிட்லர் எடுத்துக்கொண்டான், போர் முடியும்போது மறுபடி பிரான்ஸ். 75 வருஷத்துக்குள் நாலு முறை கொடி மாறியது. 1942 ஆகஸ்டில் அல்சாஸ் இளைஞர்களை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். பாட்டியின் பெரியப்பா அப்படிப் போனவர், திரும்பவில்லை. போரின் கடைசிக் குளிர்காலத்தில் இந்த ஒயின் சாலை ஊர்களான பென்விரும் சிகோல்ஷைமும் தரைமட்டமாயின. மித்தெல்விர் ஊரில் ஒரு சுவர் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இருந்த காலத்தில் அந்தச் சுவரோரம் நீலம், வெள்ளை, சிவப்பு என்று பூச்செடி வைத்தார்களாம், பிரெஞ்சுக் கொடியின் நிறத்தில்.

நமக்கு இது புரியும் அக்கா. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியில் கொடி மாறியதைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருக்கிறார். எந்தக் குடியுரிமையை எடுப்பது என்று அண்ணன் தம்பியே பிரிந்த வீடு நம்முடையது. இங்கே கொடி மாறினாலும் கவாத்து ஜனவரியில்தான், அறுவடை செப்டம்பரில்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை பிரெஞ்சு பேசக்கூடாது, இன்னொரு முறை அல்சாஸ் மொழி பேசக்கூடாது. தோட்டத்தில் அதையெல்லாம் யாரும் சட்டை செய்யவில்லை, திராட்சைக்கு இரண்டு மொழியும் தெரியாது என்று பாட்டி சொல்வார். பெரிய வெள்ளியும் டிசம்பர் 26-ம் பிரான்சின் பெரும்பாலான இடங்களில் விடுமுறை இல்லை, அல்சாஸிலும் பக்கத்து மோசெலிலும் உண்டு. ஜெர்மன் காலத்துச் சட்டம், போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

உனக்கு ஒரு ஒயினைக் காட்ட ஆசை, குடிக்க அல்ல. ஸ்த்ராஸ்பூர் ஆஸ்பத்திரிக்கு அடியில் 1395-ல் கட்டிய ஒரு நிலவறை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் திராட்சைத் தோட்டத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு ஒயினையே மருந்தாகவும் கொடுத்திருக்கிறார்கள். படி இறங்கிப் போனால் கல் வளைவுகள், ஈரக் குளிர், ஆள் உயரத்துக்கும் மேலே பீப்பாய் பீப்பாயாக. கடைசியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பீப்பாய், அதில் 1472-ஆம் வருஷத்து வெள்ளை ஒயின். ஐந்நூற்றைம்பது வருஷத்தில் அதை மூன்றே முறைதான் விருந்தாக ஊற்றியிருக்கிறார்கள். 1576-ல் சூரிச்சிலிருந்து நண்பர்கள் படகில் வந்தார்கள். ஆபத்து என்றால் எவ்வளவு சீக்கிரம் உதவிக்கு வந்துவிடுவோம் பாருங்கள் என்று காட்ட ஒரு பெரிய பானைத் தினைக்கூழைச் சுடச்சுட ஏற்றிக்கொண்டு, கூழின் சூடு ஆறுவதற்குள் ஸ்த்ராஸ்பூர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு முறை. தீயில் எரிந்த ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டத் தொடங்கிய 1718-ல் ஒரு முறை. 1944 நவம்பரில் ஊரை மீட்ட தளபதி லெக்லேருக்கு ஒரு முறை. அவ்வளவுதான். பழைய பீப்பாய் கசியத் தொடங்கியதும் 2015-ல் புதுப் பீப்பாய்க்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அந்த நிலவறையில் விவசாயிகள் தங்கள் ஒயினை வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள், அதில் ஒரு பங்கை விற்று வரும் பணத்தில் ஆஸ்பத்திரிக்குக் கருவிகள் வாங்குகிறார்கள். அங்கே நின்றபோது அப்பாவை நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி மாதம் மஞ்சளாகக் கிடந்த அப்பாவை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

இனி கிறிஸ்துமஸ் வரும். ஸ்த்ராஸ்பூர் கிறிஸ்துமஸ் சந்தை 1570-லிருந்து நடக்கிறது. அதற்கு முன் புனித நிக்கோலாஸ் பேரில் இருந்த சந்தையைச் சீர்திருத்தச் சபைக்காரர்கள் நிறுத்திவிட்டுக் குழந்தை இயேசு பேரில் வைத்தார்கள். வெள்ளை ஒயினைப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சுடவைத்து விற்பார்கள். நான் சூடான ஆப்பிள் சாறு வாங்குவேன். இப்போது 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்களாம், நடக்க முடிவதில்லை. எனக்கு செலெஸ்தா போதும். இங்குள்ள பழைய நூலகத்தில் 1521-ஆம் வருஷத்துக் கணக்கேடு ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரங்களை யாரும் வெட்டிப்போகாமல் காக்க, புனித தோமா நாளில் வனக்காவலருக்கு 4 ஷில்லிங் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் தோமா நாள் டிசம்பர் 21. தோமா என்றால் நம் சாந்தோம் தோமையார்தான் அக்கா. அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு ப்ரெடெலே பிஸ்கட் சுடுவார்கள். நீ நம் ஊர் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கம் செய்யும்போது பழத்தை ரம்மில் ஊறவைக்காமல் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பாயே, அதைப் பாட்டியிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் சோம்பு பிஸ்கட்டின் அளவை எழுதிக் கொடுத்து, உனக்கு அனுப்பச் சொன்னார்.

நான் குடிக்கிறேனா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அறுவடையின் கடைசி நாள் கடைசி வண்டிக்குப் பூங்கொத்துக் கட்டுவோம். எல்லோரும் முற்றத்தில் மேசை போட்டு உட்காருவோம். அன்றைக்கு ஒரு கோப்பை. நாலாவது வருஷம்தான் முதன்முதலில் எடுத்தேன். வாயில் வைத்ததும் சாக்கு வாடை வருமோ என்று பயந்தேன். மஸ்கட் மணம்தான் வந்தது. இது தப்பு என்று உனக்குத் தோன்றினால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் ஒளிக்க மட்டும் என்னால் முடியாது.

ஜனவரியில் ஊருக்கு வருகிறவர்கள் மூலம் ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஆட்டுக்குட்டி வடிவ மண் அச்சு, சூஃப்லென்ஹைம் குயவர் ஊரில் செய்தது. இரண்டு பாதியாக இருக்கும், கம்பியால் கவ்வி வைக்க வேண்டும். தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிடாமல் சேர்ந்துபோன முட்டையில் உயிர்ப்புத் திருநாளுக்கு இந்தக் கேக்கைச் செய்வார்கள். முட்டை, சர்க்கரை, மாவு, எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. வெண்ணெயை நன்றாகத் தடவி மாவு தூவு. காதுப் பக்கமும் கழுத்துப் பக்கமும் கூடுதலாகத் தடவு, அங்கேதான் ஒட்டிக்கொண்டு தலை முறிந்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்ததும் திறக்காதே, ஆறட்டும்.

மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை