கண்டல் நட்டா மட்டும் காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சுற்றாடல் தினத்தையொட்டி மட்டக்களப்பு வாவிக்கரையில பாடசாலைப் பிள்ளைகள் கண்டல் கன்று, அதுதான் உப்புத்தண்ணிச் சேத்துல வளர்ற மரக்கன்று, நட்ட படத்த உங்கட பத்திரிகையில பாத்தன். நல்ல விசயம்தான், ஆனா வருசா வருசம் இதே படத்தப் பாத்துப் பாத்து எனக்கு வாற கேள்வி, அந்தக் கன்று வாற மாரியத் தாண்டுமா எண்டதுதான். நட்ட செய்தி வரும், செத்த செய்தி எந்தப் பேப்பர்லயும் வராது, உங்கடதையும் சேத்துத்தான் சொல்றன், கோவிக்காதீங்க.

மட்டக்களப்பு வாவியில வத்துப்பெருக்கு பெருசா இல்ல. பாலமீன்மடுப் பக்கம் வாவி கடலோட சேர்ற முகத்துவாரம் மண் மூடிட்டுதெண்டா தண்ணி போக வழியில்ல, கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில கரையெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போய்க் கிடக்கும், பிறகு கார்த்திகை மார்கழியில மழைத்தண்ணி வயலாலயும் ஆத்தாலயும் இறங்கி வந்து வாவி பொங்கி நிக்கும், முகத்துவாரம் வெட்டினாத்தான் வடியும். இப்பிடி ஒரு இடத்துல ஜூன் 5ஆம் திகதி கன்று நட்டா அது முதல்ல வெயில்ல வாடி, அதுக்குத் தப்பினா மாட்டுக்குத் தப்பி, அதுக்கும் தப்பினா மார்கழி வெள்ளத்துக்குள்ள மூழ்கிப் போகும்.

கொஞ்ச வருசத்துக்கு முதல் என்ட மகள்ட வகுப்புப் பிள்ளைகளும் இப்பிடித்தான் நடப் போனாங்க, நானும் கூடப் போனன். பனர் கட்டியாச்சு, தொப்பி குடுத்தாச்சு, அதிகாரிமார் வந்து இறங்கப் போறாங்க. பக்கத்துல தோணியக் கரைக்கு இழுத்துப்போட்டு வலை பொத்திக்கிட்டிருந்த வயசுபோன ஐயா ஒராள் "இவடத்த நடாதீங்க ரீச்சர், மாரிக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும், அந்தா அங்கால அந்தத் திட்டியில நடுங்க" எண்டு சொன்னார். ரீச்சருக்கு விளங்கினதுதான், ஆனா படம் எடுக்க இந்த இடம்தான் வசதியாம், மேல இருந்து சொல்லிட்டாங்களாம். மாசி மாசம் போய்ப் பாத்தா கன்றுக்குக் கட்டின கம்பு மட்டும்தான் நிண்டுது. இதுல பிள்ளைகள் படிச்ச பாடம் என்ன எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இது எங்கட ஊர்க் கதை மட்டுமில்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்கள ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போய்ப் பாத்து 2017ல ஆய்வு வெளியிட்டாங்க. 9 இடத்துல ஒரு கன்று கூட மிஞ்சல்ல. 1000 தொடக்கம் 1200 ஹெக்டேயர்ல முயற்சி செஞ்சு சரிவந்தது 200, 220 ஹெக்டேயர் அளவுதான். பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு திரும்பிப் பாக்காதது, மாடு மிதிச்சது, இதுகள்தான் காரணம். காசு இல்லாம இல்ல, ஆக்கள் இல்லாம இல்ல, இடத்தப் பத்தின அறிவுதான் இல்ல. அந்த அறிவு பாடசாலையில வராம வேற எங்க வரப்போகுது?

உயிர்ப்பல்வகைமை எண்டா என்ன எண்டு கேட்டா எங்கட பிள்ளைகள் கண்ண மூடிக்கிட்டு வரைவிலக்கணம் சொல்லும், ரியூசன்ல அப்பிடித்தான் பாடமாக்கி விட்டிருக்காங்க. கல்லடிப் பாலத்துக்குக் கீழ கூட்டிக்கிட்டுப் போய் இந்தச் சேத்து மரங்கள்ல கண்டல் எது, கண்ணா எது எண்டு கேட்டா முழிக்கும். கண்டலுக்கு மிண்டு குடுத்த மாதிரி வேர் வெளிய வரும், காய் மரத்துலயே முளைச்சு முருங்கைக்காய் போல தொங்கும், அதப் பிடுங்கிச் சேத்துல குத்துறது லேசு எண்டுதான் எல்லாரும் கண்டலையே நடுறாங்க. கண்ணாக்கு வேர் சேத்துக்குள்ள இருந்து பென்சில் கணக்கா மேல எழும்பி நிக்கும், இலைய நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும், கண்டல் நிக்காத உப்புக் கூடின காஞ்ச தரையிலயும் அது நிக்கும். தில்லை எண்ட மரத்த மட்டும் தொடவிடக் கூடாது, அந்தப் பால் கண்ணுல பட்டாப் பார்வைக்கே ஆபத்து எண்டு கடல்தொழிலாளிட பிள்ளைக்குத் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானத்துல புள்ளி குறைவு, அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த வேருக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது, இது அழிஞ்சா தகப்பன்ட வலையில ஒண்டும் விழாது எண்டத அதுக்குப் புத்தகம் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல பிளாஸ்டிக் திண்டு எட்டு வருசத்துல 20 யானை அளவுல செத்ததெண்டு 2022 ஜனவரியில உலகம் பூரா செய்தி வந்துது. யானையக் காப்போம் எண்டு சித்திரப் போட்டி வைக்கிறாங்க, பிள்ளைகளும் வடிவா வரையுதுகள். போட்டி நடக்கிற அண்டைக்கே பகல் சாப்பாடு லஞ்ச் சீட் எண்ட மெல்லிய பொலித்தீன் தாள்லதான் சுத்தி வருது, அது 2017ல தடை செஞ்ச சாமான். அந்தச் சீட் எந்த டிரக்டர்ல ஏறி எங்க போய்க் கொட்டுப்படுது எண்டு ஒருநாள் பின்னால போய்க் காட்டினா பத்துப் போஸ்டருக்குச் சமன்.

நான் கேக்கிறது பெரிய திட்டமில்ல. சுற்றாடல் முன்னோடி எண்டு பிள்ளைகளுக்குப் பதக்கம் குடுக்கிறாங்க, அத ஃபைல் பாத்துக் குடுக்காம, நட்ட கன்று ரெண்டு மாரி தாண்டி நிண்டா மட்டும் குடுங்க. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு இணையத்துல இருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டுற ஒப்படைக்குப் பதிலா, மாசத்துக்கு ஒருக்கா வாவித்தண்ணி மட்டம் எங்க நிக்குது, ஆற்றுவாழை எவ்வளவு பரவியிருக்கு, என்ன பறவை வந்திருக்கு எண்டு ஒரு கொப்பியில எழுத வையுங்க. வலை பொத்திற ஐயாவ வகுப்புக்குக் கூப்பிட்டுக் கதைக்க விடுங்க, வந்து போற செலவையும் குடுங்க, சும்மா கூப்பிடக் கூடாது.

அதிபர்மாரிட்ட கேட்டா, பிள்ளைகள வெளிய கூட்டிப்போக வலயக் கல்வி அலுவலகத்துல அனுமதி எடுக்கிறதே பெரிய பாடு எண்டுறாங்க. அது உண்மைதான், அதால தவணைக்கு ஒரு கடிதம் போதும் எண்டு வலயம் ஒரு முடிவு எடுத்தா நல்லம். வாவியில முதலை இருக்கே எண்டு பயப்படுற தாய்மாரும் இருக்காங்க. பயம் நியாயமானது. எந்த மூலையில முதலை கிடக்கும், எந்தக் கரையில தைரியமா நிக்கலாம் எண்டதும் அந்தத் தோணிக்கார ஐயாமாருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கல்லடி, மட்டக்களப்பு.