மேசையை விட்டு எழாத மடிக்கணினிகள்: கணினி கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் கணினி கொள்முதலை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

பழைய கணினிகளை மாற்றும் காலம் வரும்போதெல்லாம், 'இனி அனைவருக்கும் மடிக்கணினி' என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதி முடித்துவிடுவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாலும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் (புராசஸர்) இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை என்பதாலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைக்கூட மாற்ற வேண்டிய நெருக்கடி ஒரே நேரத்தில் பலருக்கு வந்திருக்கிறது. நெருக்கடியில் எழுதப்படும் அந்த ஒரு வரியோடு பணியாளர்கள் ஐந்தாறு ஆண்டுகள் காலம் தள்ள வேண்டியிருக்கும் என்பதால், அதை எழுதுமுன் உங்களிடம் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வாங்குவது என் வேலையன்று. வாங்கியவற்றைத் திறந்து பழுது பார்ப்பதே என் வேலை.

நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வோர் இருக்கைக்கும் கணினியைத் தேர்வு செய்யும்போது, செயலி எது, நினைவகம் எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்னால், 'இந்தக் கணினி இந்த மேசையை விட்டு வாரத்தில் எத்தனை முறை எழும்?' என்று கேளுங்கள். கணக்குப் பிரிவு, தரவு உள்ளீடு, நூலக முகப்பு, ஆய்வகம், வடிவமைப்புப் பிரிவு ஆகியவற்றில் பெரும்பாலான இருக்கைகளுக்கு நேர்மையான விடை 'எழாது' என்பதே. எழாத கணினிக்காக, எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட சமரசங்கள் அனைத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1981-இல் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 என்ற கணினி, கையில் எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்பட்டது. ஏறத்தாழ 11 கிலோ எடை. அதைச் சுமந்தவர்களுக்குச் சுமந்தே ஆக வேண்டிய தேவை இருந்தது. பிறகு எடை குறைந்தது; தேவை இருக்கிறதா என்று கேட்கும் வழக்கமும் அதோடு குறைந்துவிட்டது.

முதலில் விவரக்குறிப்பு. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் 'ஐ7 செயலி அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் மாற்றாமல் அப்படியே எழுதுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இன்டெலின் 11-ஆம் தலைமுறையில் கோர் ஐ7-11700 என்பது மேசைக்கணினிச் செயலி. 8 கோர்களும் (கணக்கிடும் உட்பகுதிகள்) 65 வாட் அடிப்படை மின்வரம்பும் கொண்டது. அதே தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-1165ஜி7 மடிக்கணினிக்கானது. 4 கோர்கள், 12 முதல் 28 வாட் வரை. கணினியின் மேல் ஒட்டப்படும் சிட்டையில் இரண்டுமே ஐ7தான். கிராபிக்ஸில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் செயலி, மேசைக்கணினியில் 16,384 கிராபிக்ஸ் கோர்களும் (CUDA) 24 ஜிபி நினைவகமும் கொண்டு 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிப் பதிப்பில் 9,728 கோர்களும் 16 ஜிபி நினைவகமும்தான் இருக்கின்றன. 'லேப்டாப்' என்ற சொல் அதன் முழுப்பெயரில் இருப்பது உண்மையே. விலைப்பட்டியலில் ஏறும்போது அந்தச் சொல்தான் முதலில் உதிர்கிறது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. செயலி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். விரற்கடை தடிமனுள்ள ஓர் உடலுக்குள் ஒன்றிரண்டு சிறு விசிறிகளால் வெளியேற்றக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கடிதம் எழுதுவது, மின்னஞ்சல் பார்ப்பது போன்ற வேலைகளில் இந்தக் குறைப்பை யாரும் உணரப்போவதில்லை. அங்கே ஐ7 செயலியே தேவையில்லை என்பது வேறு செய்தி. ஆனால் காணொளி தொகுப்பவருக்கும், பெரிய மென்பொருளின் நிரல்களை மணிக்கணக்கில் கம்பைல் செய்பவருக்கும், பொறியியல் உருவகப்படுத்தல் செய்பவருக்கும் முதல் சில நிமிடங்களின் வேகத்தால் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும் வேகமே அவர்களுக்கு வேகம். விற்பனையாளர்கள் காட்டும் செயல்விளக்கம் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உடல். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒரே கீலில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. திரையின் மேல்விளிம்பு ஏறத்தாழ கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். பிணைக்கப்பட்ட இரண்டையும் இப்படி ஒருசேர வைக்க எந்த மேசையாலும் நாற்காலியாலும் இயலாது. விசைப்பலகையைக் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனிகிறது. திரையை உயர்த்தினால் தோள்கள் தூக்கிக்கொள்கின்றன. பயணத்தில் அரை மணி நேரம் இப்படி வேலை செய்வதால் ஒன்றும் ஆகிவிடாது. நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் என்றால் கதை வேறு. வெளித்திரை, தனி விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் குறை தீரும். ஆனால் அவற்றைச் சேர்த்த பிறகு அந்த மேசையில் இருப்பது ஏறத்தாழ ஒரு மேசைக்கணினிதான்; அதன் நடுவே மூடியபடி கிடக்கும் மடிக்கணினிக்குத்தான் கூடுதல் பணம் போயிருக்கிறது. பல கொள்முதல் பட்டியல்களில் மடிக்கணினியின் விலை மட்டும் ஒப்பிடப்பட்டு, இந்தத் துணைப்பொருள்கள் 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடப்படுகின்றன. அந்தப் 'பின்னர்' பெரும்பாலும் வருவதேயில்லை.

அடுத்து பேட்டரி. எப்போதும் சார்ஜரில் செருகியே இருக்கும் மடிக்கணினிகள் பழுதுக்கு வரும்போது ஒரு கோலம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கிறது. தொடுபலகையை (டச்பேட்) அழுத்தினால் சொடுக்கு விழவில்லை என்பதுதான் முறையீடாக இருக்கும். மேசையில் வைத்தால் நான்கு மூலைகளும் ஒருசேரப் படியாமல் லேசாக ஆடும். மூடினால் முன்விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். கடைசித் திருகைக் கழற்றும் முன்பே அடிமூடி தானாக எழும்பும். உள்ளே பேட்டரியின் செல்கள் தலையணை போல் உப்பி, தொடுபலகையை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருக்கும். லித்தியம் அயான் பேட்டரி முழு மின்னேற்றத்திலும் வெப்பத்திலும் தொடர்ந்து இருந்தால் விரைவாக மூப்படையும். மேசையில் நிரந்தரமாகச் செருகப்பட்ட மடிக்கணினிக்கு இந்த இரண்டுமே நாள்தோறும் கிடைக்கின்றன. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பைப் பல தயாரிப்பாளர்கள் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலோ தங்கள் தனி மென்பொருளிலோ கொடுத்திருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு ஒட்டுமொத்தமாக வாங்கப்பட்டு வரும் கணினிகளில் அதை யாரேனும் இயக்கி வைத்திருந்ததாக நான் கண்டது அரிது. இருந்த இடத்தை விட்டு நகராத ஒரு கணினிக்குள், இப்படி உப்பி ஆபத்தாகக்கூடிய ஒரு பொருள் எதற்கு என்பதற்கு எவரும் எனக்கு இதுவரை விடை சொன்னதில்லை.

பழுது நீக்கும் செலவிலும் இதே ஏற்றத்தாழ்வு இருக்கிறது. மேசைக்கணினியின் விசைப்பலகையில் தண்ணீர் கொட்டினால் போவது விசைப்பலகை; மடிக்கணினியில் அதே தண்ணீர் விசைகளுக்கு அடியிலுள்ள மதர்போர்டுக்கு இறங்கும். மேசைக்கணினியில் ரேம் போதவில்லை என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காலியாக இருக்கும் செருகியில் இன்னொன்றை அழுத்திவிட்டு மூடிவிடலாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் 8 ஜிபி என்றால் கடைசி நாளிலும் 8 ஜிபிதான். கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய நினைவகத்துக்கான கேம்2 தரத்தை, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. அது பரவினால் நிலைமை மாறலாம், ஆனால் வரப்போவதை நம்பி இன்று வாங்க இயலாது. மேசைக்கணினி என்றாலே எல்லாம் பொதுவடிவம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1995-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் என்ற பொதுவடிவத்தைப் பின்பற்றும் கணினிகளில், அதே வடிவில் செய்யப்பட்ட மதர்போர்டும் பவர் சப்ளையும் எந்தத் தயாரிப்பாளருடையதாக இருந்தாலும் பொதுவாகப் பொருந்தும். பெரிய நிறுவனங்கள் விற்கும் அலுவலக மாதிரிகளில் சிலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் செய்யப்பட்டிருக்கும். உத்தரவாதம் முடிந்த மறுநாள்தான் இது தெரியவரும்.

மடிக்கணினியை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். கள ஆய்வுக்குச் செல்பவருக்கும், வகுப்புக்கு வகுப்பு மாறும் ஆசிரியருக்கும், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து பணிபுரிபவருக்கும் அதுவே முதன்மைக் கணினியாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரே யுஎஸ்பி-சி கம்பியில் திரையும் மின்சாரமும் இணையும் டாக் ஒன்றை மேசையில் வைத்துக் கொடுத்தால் இரு உலகங்களின் வசதியும் கிடைக்கும். மின்சாரம் நின்றால் மடிக்கணினி நிற்பதில்லை. மேசைக்கணினிக்கு யுபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒத்த வேலைக்கு மடிக்கணினி எடுக்கும் மின்சாரமும் பொதுவாகக் குறைவே. மறுபக்கம், எடுத்துச் செல்லும் பொருள் தொலையவும் கூடும். தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்படாத ஒரு மடிக்கணினி தொலைந்தால் தொலைவது கணினி மட்டுமல்ல.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை இருப்பதைப் பல குழுக்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு மேசைக்கணினிகள் இப்போது பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. திரையின் பின்புறத்திலேயே திருகி மாட்டிவிடலாம். இவற்றுள் பலவற்றில் மடிக்கணினிக்கான செயலிகளே இருப்பதால் மின்சாரம் மிச்சமாகும், பேட்டரி இல்லை, ரேமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் பெரும்பாலும் கழற்றி மாற்றத்தக்கவை. 'மேசையில் இடமில்லை' என்பதுதான் மடிக்கணினி வாங்கக் காரணம் என்றால், அந்தக் காரணத்துக்கு மலிவான விடை இதுவே. கனமான வேலைக்கு மட்டும் இவற்றை நம்ப வேண்டாம். வெப்பத்தின் எல்லை இவற்றுக்கும் உண்டு.

ஆகவே அடுத்த ஒப்பந்தப்புள்ளியைத் தயாரிக்கும்போது, செயலியின் குடும்பப் பெயரை எழுதாமல் முழு மாதிரி எண்ணையும் மின்வரம்பையும் கேளுங்கள். கனமான வேலைக்கான கணினி என்றால், உங்கள் பணியாளர் உண்மையில் செய்யும் ஒரு வேலையையே கொடுத்து, ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரேமும் சேமிப்பகமும் மாற்றத்தக்கவையா, பவர் சப்ளை பொதுவடிவமா, பேட்டரி எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதத்தில் அடங்கும் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். மடிக்கணினி வாங்கும் இருக்கைகளுக்குத் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் விலையையும் அதே வரியில் சேர்த்து ஒப்பிடுங்கள். இவை அனைத்துக்கும் முன்னால், அந்த இருக்கையில் அமர்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். பட்டியல் தயாராகும் அறைக்குள் அவர் ஒருபோதும் அழைக்கப்படுவதில்லை.

ஏற்கெனவே வாங்கப்பட்டு, மேசைகளில் நிலையாகச் செருகப்பட்டிருக்கும் மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, புதிய கொள்முதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 80 விழுக்காட்டு மின்னேற்ற வரம்பை, அந்த வசதியுள்ள அனைத்திலும் இந்த வாரமே இயக்கச் சொல்லலாம், அதற்குச் செலவில்லை. திரையை உயர்த்த ஒரு தாங்கியும் தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கித் தர, இருக்கும் பராமரிப்பு நிதியே போதும். தொடுபலகை அழுந்தவில்லை என்று எவரேனும் சொன்னால், அந்தக் கணினியை உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எங்களிடம் அனுப்பிவையுங்கள். மூடியை அழுத்தி மூடிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்