ஆய்வேட்டு முடிவு எங்கள் ஊருக்கும் வரட்டும்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் குழந்தை மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும், எம்.டி. படிக்கும் டாக்டர்களுக்கும், பென்னாகரம் வட்டத்து அங்கன்வாடிப் பணியாளர் எழுதும் மடல். வணக்கம்.

பிழைக்குமா என்று தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளை நீங்கள் தேற்றி அனுப்புகிறீர்கள். பிறகு அவர்களை எடைபோடுவதும் சத்துமாவு கொடுப்பதும் என் வேலை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். எம்.டி. முடிக்க எல்லோரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அவற்றில் சிலவற்றுக்காவது எங்கள் மண்ணிலிருந்து கேள்வி எடுங்கள். விடை கிடைத்ததும் அதை எங்களுக்கும் சொல்லுங்கள்.

முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அளவு. அதற்கு மேலான தண்ணீரையே குடித்து வளர்ந்ததால்தான் எங்கள் தலைமுறையில் பலருக்குப் பல் பழுப்பேறிக் கிடக்கிறது. முதுகை வளைக்க முடியாத பெரியவர்களும் இங்கே உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. நிரந்தரப் பல்லின் எனாமல், பல் முளைப்பதற்கு முன்பே, சிறு வயதில் ஈறுக்குள் உருவாகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் முன்பற்கள் இப்போது உண்மையைச் சொல்லும். கறை குறைந்திருக்கிறதா? எந்த ஊரில் குறையவில்லை? குழாயில் நீர் வராத நாளில் அந்த வீட்டார் எதைக் குடிக்கிறார்கள்? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பல்லைப் பார்த்து, ஃபுளோரைடு கறை எவ்வளவு என்று தரம் பிரிக்கும் டீன் அளவுகோலில் குறித்துக்கொண்டு, கூடவே வீட்டுத் தண்ணீரையும் பரிசோதித்தால் போதும். எங்கள் பள்ளிக்கூடத்து வாசலிலேயே செய்யலாம்.

இரண்டாவது கேள்வி, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அப்போது அதிகம் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று எடைக்குறைவு. அது வார்டில் பிறக்கும் நோய் அல்ல. இளவயதுத் திருமணத்திலும், இரத்தசோகையிலும், கர்ப்பத்தோடு செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் போவதிலும் தொடங்குகிறது. வார்டில் கங்காரு பராமரிப்பு சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் பிள்ளையை மார்போடு அணைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாய்க்கு ஆடு மாடு, அடுப்பு, மூத்த பிள்ளை எல்லாம் காத்திருக்கின்றன. எத்தனை மணி நேரம் அவளால் முடிகிறது, பாட்டியோ தகப்பனோ மாறி மாறி அணைத்துக்கொண்டால் எடை ஏறுகிறதா என்று யாராவது வீடு வீடாக வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இதை நான் மிகவும் அவசரமான கேள்வியாக நினைக்கிறேன்.

பட்டமேற்படிப்பு டாக்டர்கள் 3 மாதம் மாவட்ட அளவில் பணியாற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் சில நாட்களாவது சித்தேரிக்கும் அஞ்செட்டிக்கும் அனுப்புங்கள். மலைப்பாதையில் நடந்து பார்த்தவர், "ஏம்மா இவ்வளவு லேட்டா கொண்டு வந்தே?" என்று ஒரு தாயிடம் கேட்கும் தொனியே மாறிவிடும்.

கடைசியாக ஒன்று. ஆய்வுக்காக எங்கள் பிள்ளைகளின் இரத்தம் எடுக்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், தாய்மாரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு என்ன தெரியவந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து எங்களிடம் சொன்னதில்லை. "அன்னைக்கு எடுத்த ரத்தத்துல என்ன வந்துச்சு டீச்சர்?" என்று தாய்மார் என்னைத்தான் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, ஆய்வு நடந்த ஊரின் அங்கன்வாடிக்குக் கொடுக்க வேண்டும் என்று துறைத் தலைவர்கள் கட்டாயமாக்கலாம். ஆய்வேட்டில் கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கினால் போதும். தாய்மார் கூட்டத்தில் நானே அதை வாசித்துக் காட்டுகிறேன். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் முறைப்படி அனுமதி பெற்று வந்தால் வீடு வீடாகக் கூட்டிப்போகவும் தயார்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.