கொடிநாளை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள். இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை வருவதால், 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வணக்கக் கூட்டத்திலேயே அனுசரிக்க இருக்கிறோம். 1949 முதல் நடந்துவரும் நாள் இது. நீங்களும் படிக்கிற காலத்தில் உண்டியலில் காசு போட்டுவிட்டு, சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமான அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டிருப்பீர்கள். உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கும், உடல் ஊனமடைந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் அந்த நிதி போய்ச் சேர்கிறது. முடிந்தவர்கள் கொடுங்கள். எந்தப் பிள்ளையிடமும் இவ்வளவு கொண்டு வா என்று கேட்கக் கூடாதென்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பணத்தைப் பற்றி இவ்வளவுதான். நான் இப்போது எழுதுவது வேறொரு காரியத்துக்காக.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைப் பார்ப்பது அரிது. முதல் உலகப் போருக்கே இங்கிருந்து கப்பலேறிப் போயிருக்கிறார்கள். அந்தப் போர் முடிந்த பிறகு ஆங்கில அரசு பல ஊர்களில் ஒரு கல்லைப் பதித்தது. 1914-1919 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. அப்படி ஒரு கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது. அதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, இதே செங்கம் வட்டாரத்தில் நட்ட நடுகற்களில், மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். எந்த அரசன் காலம், யாருடைய ஆள், எப்படிப் பட்டான் என்பதெல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அங்கே போய் நம் ஊர்க்காரர் பெயரைத் தேடிப் படிக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மேஜர் முகுந்த் வரதராஜனை நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும், அவர் கதை படமாக வந்ததால். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் அதே சண்டையில் அவரோடு இறந்த சிப்பாய் விக்ரம் சிங்கைப் பற்றி எட்டாம் வகுப்பில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்.

இன்னொன்றும் நாம் சொல்லாமல் விடுகிறோம். 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதியில் விழுந்த மேஜர் சரவணனின் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதமும் திருச்சியில் அவர் வீட்டில் எப்படிப் போயிருக்கும்? 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் ஒருவர். ஆசையாகக் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அவரால் வர முடியவில்லை. அவர் தம்பியும் ராணுவத்தில்தான் இருந்தார். மேஜர் சரவணன், பழனி இருவருக்கும் இறந்த பின் வீர் சக்ரா கிடைத்தது, அதை மேடையில் சொல்கிறோம். வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. பெற்றோர் கூட்டத்துக்குத் தனியாக வந்து, 'அவர் லேயில் இருக்கிறார் சார், டவர் கிடைக்காது' என்று சொல்லிவிட்டு எல்லாப் படிவத்திலும் தானே கையெழுத்துப் போடும் அம்மாக்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள் செய்வதும் நாட்டுக்கான சேவைதான்.

அதனால் இந்தக் கொடிநாளில் பள்ளியில் ஒரு பதிவேடு தொடங்குகிறோம். நம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களிலிருந்து படைக்குப் போனவர்கள், திரும்பாதவர்கள், அவர்களுக்காக வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோர் பெயரும் அதில் ஏற வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வரட்டும். எந்த ரெஜிமெண்ட், எங்கெல்லாம் போஸ்டிங் என்பதோடு நிறுத்திவிடாமல், அவர் இல்லாத நாட்களில் வீடு எப்படி நடந்தது என்று பாட்டியிடமும் கேட்கச் சொல்லுங்கள். 1971 போரில் இருந்த தாத்தாக்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் சில வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது.

பேச விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். முக்கியமாக, 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இறந்தார்கள். அங்கே நடந்ததைப் பற்றிப் பேசுவது தமிழ் பேசும் வீரருக்குச் சுலபமான காரியமில்லை. பெயரும் வருடமும் மட்டும் போதும் என்று அவர் சொன்னால், அதையே மரியாதையாக எழுதிக்கொள்வோம்.

பதக்கங்களைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். சீருடை மாறுவேடம், பொம்மைத் துப்பாக்கி இரண்டும் இந்த முறை கிடையாது. இழப்பைச் சந்தித்த வீட்டுப் பிள்ளையை மேடைக்கு அழைத்து நிறுத்த மாட்டோம். அந்தப் பிள்ளையே பேச ஆசைப்பட்டால், முதலில் அம்மாவிடமோ பாதுகாவலரிடமோ கேட்போம். அன்றைக்குக் கூட்டத்தில் நிற்க மனமில்லாத பிள்ளை நூலகத்தில் இருக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஒரு விஷயம். படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், கணவரை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவித்தொகைகள் இருக்கின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கு வேண்டிய போனஃபைடு சான்றிதழைப் பள்ளி அலுவலகத்தில் கேட்ட அன்றே தருவோம். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, எனவே ஒரு பக்கம் எழுதினால் போதும். நவம்பர் 28ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்