ஹைலக்ஸ் முன்சில்லு ஹப்களைப் பிழையாகப் பூட்டியது தொடர்பான முறைப்பாடு

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர் அவர்களுக்கு,
வாகனத் திருத்தப் பிரிவு,
வவுனியா.

ஐயா,

ஒக்டோபர் தொடக்கத்தில் என்னுடைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப் வாகனத்துக்கு உங்கள் கராஜில் கையால் திருப்பும் ஹப் இரண்டு வாங்கி, அங்கேயே பூட்டுவித்தேன். ஃபோர் வீலில், அதாவது நான்கு சில்லும் இழுக்க ஓடும்போது, முன்சில்லை அக்சிலோடு பிணைக்கும் பாகம்தான் ஹப். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து 86,000 ரூபா கட்டினேன். நவம்பர் மழையில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் உள்ள வயலுக்கு உரமூடை ஏற்றிக்கொண்டு போகும்போது இடது முன்சில்லு ஹப் கழன்று விழுந்தது. உங்கள் ஆட்களிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, "தார் றோட்டில ஃபோர் வீல் போட்டு ஓடியிருப்பீங்கள், அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதில் ஏன் பிழை என்பதை விளக்கவும், என் நட்டத்தைக் கேட்கவும் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஹப் மாற்ற வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இது தொண்ணூறுகளின் ஹைலக்ஸ். முன்பக்கம் முழு அக்சில், இலை வில். ஜப்பானிலிருந்து வரும்போதே தானாகப் பிடிக்கும் ஹப் இருந்தது. தானியங்கி ஹப்பின் குணம் உங்களுக்குத் தெரியும். ஃபோர் வீல் கியரைப் போட்டு, அக்சில் சுற்றும் விசை வந்தால்தான் அது பிடிக்கும். விடுவிப்பதென்றால் நிறுத்தி, கியரை மாற்றி, கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டும். சேற்றில் அகப்பட்டவன் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டித்தான் வெளியே வருவான். ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் அந்த ஹப் விட்டுப் பிடிக்கும். பழைய ஹப் அப்படி விட்டுப் பிடிக்கும்போது "டக்" என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. காலபோகம் (மழைக்கால நெற்செய்கை) முழுக்க வயல் பாதையில் ஓட வேண்டிய வாகனம் என்பதால், கையால் 'லொக்' பண்ணினால் விடாமல் நிற்கிற ஹப்தான் சரி என்று முடிவெடுத்தேன். உங்கள் கவுண்டரில் இருந்த தம்பியும் அதையே சொன்னார். அவர் எடுத்துத் தந்த ஹப் நல்ல ஹப்தான். ஹப்பைச் செய்தவர்களில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்கப் பூட்டிய விதத்தில்தான்.

கழன்ற பிறகு வாகனத்தை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டுவந்து, ஊரில் உள்ள மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். படங்கள் இக்கடிதத்தோடு வருகின்றன.

ஒரு பக்கத்து ஹப்பில் ஆறு ஸ்டட், அதாவது நட்டு ஏறும் புரி வைத்த தண்டு. ஒவ்வொரு ஸ்டட்டிலும் நட்டுக்குக் கீழே ஒரு கோன் வோசர் இருக்க வேண்டும். பக்கத்தில் வெடிப்பு விட்ட, கூம்பு வடிவச் சின்ன வளையம் அது. ஹப் உடலில் உள்ள ஓட்டையும் அதற்கேற்பச் சரிவாகத்தான் கடையப்பட்டிருக்கும். நட்டை இறுக்க இறுக்கக் கோன் உள்ளே இறங்கி, ஸ்டட்டையும் ஹப்பையும் இடைவெளி இல்லாமல் கவ்வும். முன்சில்லுக்குப் போகும் இயந்திர விசை முழுவதும் ஹப் வழியாகத்தான் போகிறது. அந்த விசையில் ஹப் மயிரிழையும் அசையாமல் நிற்பதற்குக் காரணமே இந்தக் கோன்தான். என் வாகனத்தில் இடப்பக்கம் ஒரு கோன் வோசரும் இல்லை. வலப்பக்கமும் இல்லை. பன்னிரண்டு இடத்திலும் சாதாரண ஸ்பிரிங் வோசர் போட்டு நட்டை இறுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு கோன் வோசரும் எங்கே போயின என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் பழைய ஹப்களைப் புதிய ஹப்பின் பெட்டிக்குள் போட்டு என்னிடம் தந்தீர்கள். அந்தப் பெட்டியின் அடியில் சிறிய பிளாஸ்ரிக் பை ஒன்று கிடந்தது. அதற்குள் பன்னிரண்டு கோன் வோசர், பிரிக்கவே இல்லை. பையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் பொறுப்பானவர் நேரில் வந்து பார்க்கலாம்.

கோன் இல்லாத ஹப் என்ன செய்யும்? விசை ஏறும்போதெல்லாம் ஸ்டட்டைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அசையும். அசைய அசைய நட்டு இளகும். நட்டு இளகினால் அசைவு இன்னும் கூடும். இடப்பக்க ஹப்பின் ஓட்டைகள் வட்டம் கெட்டு நீண்டிருக்கின்றன. சில்லோடு ஒட்டும் முகத்தில் உராய்ந்து மினுங்கிய தடம் இருக்கிறது. இரண்டு ஸ்டட் அடியோடு முறிந்துவிட்டது. மற்றவற்றில் புரி கெடவில்லை, நட்டுத்தான் இல்லை. அதாவது நட்டுகள் தானாகவே சுழன்று கழன்று விழுந்திருக்கின்றன. கடைசியாக மிஞ்சிய ஸ்டட்களின் தலையில் முழுப் பாரமும் விழ, அவை முறிந்தன. இது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. வாகனம் உங்கள் வாசலைத் தாண்டிய அன்றே தொடங்கிவிட்டது.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். தார் றோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓடினால் கெடுதல் வரும் என்பது உண்மை. திருப்பங்களில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் அதை ஈடுகட்ட வழியில்லாததால் முறுக்கு ஏறும். அப்படி முறுக்கு ஏறி உடைந்திருந்தால் அந்த அடையாளம் வேறு இடங்களில் இருக்க வேண்டும். ஹப்பின் உள்ளே நகர்ந்து அக்சிலோடு சில்லைப் பிணைக்கும் கிளச்சின் பற்கள் சிதைந்திருக்க வேண்டும், அல்லது அக்சில் முனை மூட்டு உடைந்திருக்க வேண்டும். அவை எல்லாம் புதிது போல இருக்கின்றன. ஒரு பல்லும் கெடவில்லை. சரி, ஹப்பை 'லொக்'கில் விட்டுத் தார் றோட்டில் ஓடியிருந்தால்? கியர் டூ வீலில் இருக்கும்வரை அதனால் முன் அக்சிலும் முன் புரொப்பெல்லர் சாஃப்ற்றும் சும்மா சுற்றும், டீசல் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். மாங்குளம் வீதியில் நான் ஹப்பை 'ஃப்ரீ'யில், அதாவது விடுவித்து வைத்துத்தான் ஓடுகிறேன். கையால் திருப்பும் ஹப் வாங்கியதில் அந்த மிச்சமும் ஒரு காரணம்.

கோன் வோசரோடு பிழை முடியவில்லை. வலப்பக்க ஹப்பைத் திறந்தபோது உள்ளே கிளச் நகர இடமில்லாமல் கிரீஸ் அடைத்திருந்தது. பெயரிங்குக்குத்தான் கிரீஸ் நிறைய வேண்டும். ஹப்புக்குள் பற்களில் மெல்லிதாகப் பூசினால் போதும். சின்ன ஸ்பிரிங் ஒன்றின் பலத்தில்தான் அந்தக் கிளச் நகர்ந்து அக்சில் பல்லில் விழுகிறது. அடைத்த கிரீஸைத் தள்ளிக்கொண்டு போக அதால் முடியாது. வெளியில் கையால் திருப்பும் குமிழ் 'லொக்' என்று காட்டும், உள்ளே பிடித்திருக்காது. சேற்றில் இறங்கிய பிறகுதான் ஓட்டுகிறவனுக்கு அது தெரியவரும். ஹப்பை நம்பி இறங்குகிறவனுக்கு இதைவிட மோசமான ஏமாற்றம் இல்லை.

அடுத்தது பெயரிங் நட்டு. அதைக் கழற்றிப் பூட்ட 54 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும். என் வாகனத்தில் அந்த நட்டின் விளிம்பு முழுக்க உளி வைத்துச் சுத்தியலால் அடித்த வெட்டு. இரண்டு நட்டுக்கும் நடுவில் உள்ள தகட்டு வோசரின் காதை ஒரு பக்கம் உள்ளேயும் ஒரு பக்கம் வெளியேயும் மடித்துவிட்டால்தான் நட்டுகள் நகராமல் நிற்கும். அது மடிக்கப்படவே இல்லை. இடப்பக்கம் பெயரிங் ஆட்டம் கண்டிருந்தது. ஹப் கழன்று திறந்து கிடந்ததால் சேற்றுத் தண்ணீரும் உள்ளே போய் இரண்டு பெயரிங்கும் கெட்டுவிட்டன. இந்த ரக ஹைலக்ஸின் திருத்தக் கையேட்டில் இறுக்க வேண்டிய அளவு ஹப் ஸ்டட்களின் நட்டுக்கு 31 நியூட்டன் மீற்றர், மூடியின் சின்ன போல்ற்றுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் என்று தெளிவாக இருக்கிறது. அந்த அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் வைத்து இறுக்கினார்களா என்று உங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். உளியால் பெயரிங் நட்டு அடிக்கும் இடத்தில் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எனக்கு மிகவும் மன வருத்தம் தருவது இதுதான். முன்சில்லின் பெயரிங் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அன்று வாகனத்தில் என்னோடு வயல்வேலைக்கு வந்த இரண்டு பேர் இருந்தார்கள். குளக்கட்டுப் பாதை ஒடுக்கம், ஒரு பக்கம் தண்ணீர். வேகம் இல்லாத இடத்தில் கழன்றதால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஏ9 வீதியில் பெயரிங் இறுகிப் பிடித்திருந்தால் நிலைமை வேறு. பற்றுச்சீட்டில் "ஹப் பூட்டி, பரிசோதித்துக் கொடுக்கப்பட்டது" என்று உங்கள் முத்திரையோடு இருக்கிறது. என்ன பரிசோதித்தீர்கள்? முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, 'ஃப்ரீ'யில் சில்லு மட்டும் சுற்றுகிறதா, 'லொக்'கில் அக்சிலும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் வலப்பக்கப் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். ஐந்து நிமிட வேலை அது.

நான் கேட்பவை இவைதான். பூட்டுக்கூலி 18,000 ரூபாவை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இடப்பக்க ஹப் உடல் ஓட்டை நீண்டு பாவிக்க முடியாமல் போனதால், அதே ரக ஹப் ஒன்றைப் புதிதாகத் தர வேண்டும். ஸ்டட், பெயரிங், ஒயில் சீல், பெயரிங் நட்டு, மறுபடி பூட்டிய கூலி எல்லாவற்றுக்கும் 47,500 ரூபா செலவாகியிருக்கிறது. அதன் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன், அதையும் தர வேண்டும். விதைப்பு நேரத்தில் வாகனம் நின்றதால் வாடகைக்கு உழவு இயந்திரம் பிடித்த செலவை நான் கேட்கவில்லை.

பணத்தைவிட முக்கியமாக இன்னொன்று. என் வாகனத்துக்குப் பூட்டிய அதே ஆட்கள் அதே காலத்தில் வேறு வாகனங்களுக்கும் ஹப் பூட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்திலும் உங்களிடம் வேலை செய்வித்த கெப்கள் இருக்கின்றன. அந்த உரிமையாளர்களைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் ஹப்பைப் பாருங்கள். மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம். கோன் வோசர் இருக்கிறதா என்று வெளியில் நட்டைப் பார்த்தாலே தெரியும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் கதைப்பதை இனிப் பதிலாக ஏற்க மாட்டேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையைத் தகுந்த திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. பதில் வராவிட்டால், முறைப்பாடு செய்வதற்கான காலம் முடியுமுன் பிரிக்காத அந்தப் பையையும் முறிந்த ஸ்டட்களையும் எடுத்துக்கொண்டு அதிகாரசபையிடம் போவேன். கழற்றிய பாகங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் மெக்கானிக் யாராவது பார்க்க விரும்பினால் முதல் நாள் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள், நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

(வாகன இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இணைத்துள்ள உங்கள் பற்றுச்சீட்டின் பிரதியில் உள்ளன.)