ஆனைமலை மாப்ளைக்கு, வடதுருவக் கடலைப் பற்றி

கோபிசெட்டிபாளையம்
புரட்டாசி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வெள்ளை ஈ போதாதென்று வேர் வாடலும் தோப்பில் ஏறிவிட்டது என்று படித்ததும் மனசு கனத்துப் போனது. அப்பா காலத்தில் வைத்த மரத்தை வெட்டிச் சாய்க்க யாருக்குத்தான் கை வரும்? இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மஞ்சள் நன்றாக நிற்கிறது. சின்னவனுக்கு வரன் பார்க்கிறோம், இன்னும் அமையவில்லை. உன் பக்கம் நல்ல இடம் இருந்தால் சொல்.

சரி, கிணற்று விஷயம். பக்கத்துக் காட்டில் தென்னை நார்க்கழிவைக் குவித்துக் கழுவுவதால் உன் கிணறு தவிட்டு நிறமாகிவிட்டது, ராத்திரி முழுக்கக் குண்டாவில் வைத்தும் தெளியவில்லை என்று எழுதியிருந்தாய். அது தெளியாது மாப்ளே. நீலகிரியில் மழை வலுத்தால் பவானி செக்கச்செவேலென்று வருமே, அது மண். நிற்கவிட்டால் அடியில் தங்கிவிடும். உன் கிணற்றில் இருப்பது தண்ணீரோடு கரைந்த பொருள். டானின் என்கிற துவர்ப்புப் பொருளும், லிக்னின் என்கிற மரப்பொருள் உடைந்த துணுக்குகளும். கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதை நிறுத்தினால்தான் வழி பிறக்கும். சண்டைக்குப் போகாமல் பேசிப் பார். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு நார்க்கழிவை மக்கவைக்கும் முறை கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அவர்களுக்கும் காசாகும்.

இந்த லிக்னினைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக என் மகளும் நானும் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். கோவாவில் கடல் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாளே, அவள் வேலை துருவக் கடல்களில் கரைந்திருக்கும் கரிமப் பொருளைப் பற்றியது. மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது லிக்னின். கடலில் மிதக்கும் பாசிகளுக்கு அது கிடையாது. ஆனாலும் வடதுருவத்தை ஒட்டி, கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் மொண்ட தண்ணீரிலும் லிக்னின் இருக்கிறது! அதில் பெரும்பகுதி சைபீரியக் காட்டிலிருந்து வந்தது.

உலகக் கடல் நீரில் ஆர்க்டிக் என்கிற இந்த வடதுருவக் கடலின் பங்கு 1 சதவீதம்தான். ஆனால் உலகத்து ஆறுகள் கடலில் கொட்டும் தண்ணீரில் 10 சதவீதத்துக்கு மேல் அதற்குள் போகிறது. சைபீரியாவின் லீனா, யெனிசே, ஓப் என்று ஒவ்வொன்றும் நம் காவிரியைப் போலப் பல மடங்கு. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்துவிட்டு, மே கடைசியிலும் ஜூனிலும் பனி உடைந்து ஒரே வெள்ளமாக வரும். லீனாவின் கழிமுகத்தில் அந்த நேரத்தில் கடல் இன்னும் உறைந்திருக்கும்; ஆற்று வெள்ளம் கடற்பனியின் மேலேயே ஏறி ஓடுமாம். காட்டுச் சருகும் கரிமண்ணும் ஊறிய தண்ணீர் அது. ஒரு வருஷத்துக் கரிமத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது.

அங்கிருந்து அது போகும் வழிதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சைபீரியக் கரையிலிருந்து துருவத்தைக் கடந்து கிரீன்லாந்துப் பக்கம் போகும் நீரோட்டம் ஒன்று உண்டு. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ஜானெட் கப்பலின் சாமான்கள், 3 வருஷம் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அதைக் கேள்விப்பட்ட நார்வேக்காரர் நான்சென் 1893-இல் தன் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896-இல் பனி அதைக் கொண்டுவந்து மறுபக்கம் விட்டது. அதே வழியில்தான் இன்றைக்கும் சைபீரிய லிக்னின் போகிறது.

இது ஆறு தருவது. பனி தருவது வேறு. கடல் உறையும்போது உப்பையும் கரைந்த பொருளில் பெரும்பகுதியையும் வெளியே தள்ளிவிடும். மிச்சமாகும் அடர்ந்த உப்புநீர் பனிக்குள்ளே மயிரிழை போன்ற குழாய்களில் தங்கும். அந்தக் குழாய்களுக்குள் பாசி வாழ்கிறது மாப்ளே! கடுங்குளிரையும் உப்பையும் தாங்க, பிசின் போல ஒன்றைச் சுரந்து தன்னைச் சுற்றி வைத்துக்கொள்கிறது. துளைத்தெடுத்த பனித்தண்டு ஒன்றின் படத்தை மகள் அனுப்பியிருந்தாள். மேலே முழுக்க வெள்ளை, கடலைத் தொடும் அடிப்பக்கம் மட்டும் ஒன்றிரண்டு விரற்கடை அளவுக்குப் பழுப்பு. அந்தப் பழுப்புதான் பாசி. அந்தப் பகுதியை உருக்கிக் கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டினால், தாளில் பழுப்பு வட்டம் படியும், கீழே இறங்கும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். ஆற்றுத் தண்ணீரை அப்படி வடிகட்டினால் மண் மட்டும் தாளில் நின்றுவிடும், நிறம் அப்படியே இறங்கிப் போகும்.

இரண்டும் கரிமம்தான், ஆனால் ஒன்றல்ல. கொளுஞ்சியை மடக்கி உழுதால் சில வாரத்தில் மண்ணோடு மண்ணாகிறது, நார்க்கழிவு வருஷக்கணக்கில் கிடக்கிறது. பனிப்பாசி கொளுஞ்சி மாதிரி. 2012 கோடையில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆராய்ச்சிக் கப்பலில் போனவர்கள், பனிக்கடியில் சடைசடையாகத் தொங்கும் மெலோசிரா என்ற பாசி சுமார் 4,000 மீட்டர் ஆழத்துத் தரையில் கொத்துக் கொத்தாக விழுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். கடல் அட்டைகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. அந்த செப்டம்பரில்தான் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கில் அதைவிடக் குறைந்தது இதுவரை இல்லை. 1980-களில் அதே மாதத்தில் ஏறக்குறைய 70 லட்சம் இருந்தது.

ஆறுகளோ பெருகுகின்றன. யூரேசியாவின் 6 பெரிய ஆறுகள் ஆர்க்டிக்கில் விடும் தண்ணீர் 1936-க்கும் 1999-க்கும் இடையில் 7 சதவீதம் கூடியிருக்கிறது. இங்கேதான் எனக்கும் மகளுக்கும் வழக்கு. ஆறு இரும்பைக் கொண்டுவருகிறது, பனி குறைந்தால் வெளிச்சம் கூடும், வெயில் லிக்னினை உடைத்து நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுக்கும், ஆகவே கடல் வாழும் என்கிறாள் அவள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. நிறம் ஏறிய தண்ணீர் வெளிச்சத்தை மேலேயே விழுங்கிவிடும். கீழே பாசிக்கு இருட்டு. மேலே தண்ணீர் சூடாகிப் பனி இன்னும் சீக்கிரம் உருகும். ஆற்று நீர் எடை குறைந்தது, கடல்மேல் மூடி போட்டதுபோல் நின்றுகொண்டு அடியிலிருந்து உரச்சத்து ஏறவிடாது. கரையோர ஆழமில்லாத இடத்தில் உறையும் பனி வண்டலையும் பிடித்துக்கொண்டு நடுக்கடல் வரை சுமக்குமாம். இப்போது அதில் பெரும்பகுதி பாதி வழியிலேயே உருகிவிடுகிறது.

அப்புறம் உறைமண். பல்லாயிரம் வருஷமாகக் குளிரில் கிடக்கும் மண் உருகி ஆற்றில் கலக்கிறது. பழசுதானே, மட்கிப் போய் யாருக்கும் ஆகாததாக இருக்கும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. மட்குவதற்குள் உறைந்துவிட்டதால், உருகினதும் நுண்ணுயிர்கள் சட்டென்று தின்று கரியமில வாயுவாக்கிவிடுகின்றன. வடக்கத்தி உறைமண்ணில் இருக்கும் கரிமம் காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தென்துருவத்தில் இந்த ஆற்று வழக்கே இல்லை. அண்டார்க்டிகாவின் நீளமான ஆறான ஓனிக்ஸ் சுமார் 30 கிலோமீட்டர்தான்; அதுவும் கடலுக்குப் போகாமல் உள்ளே ஓர் ஏரியில் முடிந்துவிடுகிறது. அங்கே கடலில் கரைந்திருக்கும் கரிமம் ஏறக்குறைய முழுக்கக் கடலே ஆக்கினது. ஆறும் பனியும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பிரித்துப் பார்க்க அந்த இரண்டு கடல்களையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு வருகிறாள். நீயும் தங்கச்சியும் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுங்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டு நீ சொல்.

அன்புடன்,
உன் மாப்ளை