ஊருணி வேலை விசாரணை அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: குடிநீர் ஊருணி தூர்வாரியதில் நடந்ததாகச் சொல்லப்படும் முறைகேடு – விசாரணை முடிவை ஊரறிய வெளியிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருணியைத் தூர்வாரி, மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் வெட்டியதாகப் பலகை வைத்தார்கள். வரத்துக்காலில் இன்றும் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள், எங்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அதோடு சரி. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துபோனதால், இப்போது கேட்டால் "அது பழைய நிர்வாகத்தில் நடந்தது" என்கிறார்கள்.

போன பணத்தைவிட, பதில் சொல்லாமல் இருப்பதுதான் ஊரை அதிகம் கெடுத்திருக்கிறது. வீட்டு வரி கேட்டு வருபவரிடம் "முதல்ல ஊருணிக் கணக்கைச் சொல்லுங்க, அப்புறம் வாங்க" என்கிறார்கள். வீடு கட்டும் திட்டத்தில் நியாயமாகப் பெயர் வந்த ஏழைப் பெண்ணைக்கூட "எவ்வளவு கொடுத்தே?" என்று கேட்கிறார்கள். நமக்கு நாமே திட்டத்துக்குப் பங்குத்தொகை தர முன்வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். கிராம சபைக்கு வருகிற சிலரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். புகாருக்கு ஆளானவர் தப்பே செய்யாதவராக இருந்தாலும், அதை ஊருக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை. அவருக்கும் இது அநியாயம்.

கணக்கு எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை. கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்கள் இவை. பேரேடும் ஐந்தொகையும் சரியாக இருந்தால்தான் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு. கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்பும் வாசிக்கிறோம். சந்தேகமிருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். அரசாங்கக் கணக்குக்கு மட்டும் அந்த வழி ஏன் இல்லை?

1957-ல் எல்.ஐ.சி. பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் முறைகேடாகப் போடப்பட்ட விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்தபோது, எல்.ஐ.சி. தொடங்கி 2 வருடம்கூட ஆகவில்லை. நீதிபதி சாக்லா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரித்தார். 1958 பிப்ரவரியிலேயே அறிக்கை வந்தது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அத்தனைக்குப் பிறகும் ஜனங்கள் எல்.ஐ.சி.யைக் கைவிடவில்லை. மறைக்காமல் விசாரித்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-ஆம் பிரிவு, செலவு விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. எங்களுக்குக் கேட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே விசாரணை அறிக்கையையும், செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகல்களையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, அடுத்த கிராம சபையில் அறிக்கையை முழுவதும் வாசிக்க உத்தரவிட வேண்டுகிறோம். வாசிப்பவர், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரமுள்ள அலுவலராக இருக்கட்டும். கடைநிலை ஊழியரை அனுப்பி, ஊரார் கோபத்தை அவர் தலையில் சுமத்த வேண்டாம். விசாரணை முடியவில்லை என்றால், முடியும் தேதியை எழுத்தில் தாருங்கள். பணம் போயிருந்தால் உரியவர்களிடம் வசூலித்து, ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலையாவது வெட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
கிராமப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)